நடக்கத் தெரிந்தவளுக்கு ஒரு நாற்காலி

எனக்கு இங்கிலீஷே தெரியாது என்று என் மகள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். அட்டென்ஷன் தெரியும், ஸ்டாண்ட் அட் ஈஸ் தெரியும், அபவுட் டர்ன், குயிக் மார்ச் எல்லாம் தெரியும். அரசுப் பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இந்த இங்கிலீஷை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தையே வெயிலில் நிற்கவும் நடக்கவும் வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் அது செல்லவில்லை, அவ்வளவுதான்.

பி.டி. பீரியட் என்றாலே பிள்ளைகளுக்கு முதலில் வருவது கால் வலி. மணி அடித்ததும் நான்கைந்து பேர் நொண்டிக்கொண்டே வந்து வேப்பமரத்தடியில் நிற்பார்கள். "டீச்சர், கால் வலிங்க டீச்சர்." எந்தக் கால் என்று கேட்பேன். நிஜமாக வலிக்கிறவள் உடனே காட்டுவாள். பொய் சொல்கிறவள் ஒரு நொடி யோசிப்பாள். அந்த ஒரு நொடியில் நான் பிடித்துவிடுவேன். "ரெண்டு ரவுண்டு ஓடிட்டு வா, சரியாப் போயிரும்" என்று விரட்டுவேன். அவர்களும் சிரித்துக்கொண்டே ஓடுவார்கள்.

கால் வலி நாடகத்தை இத்தனை வருஷம் பார்த்த என்னை, என் மகள் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார வைத்தாள். நானும் உட்கார்ந்தேன். அதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை.

மகள் இருப்பது கலிஃபோர்னியாவில், டப்ளின் என்கிற ஊரில். கோபிசெட்டிபாளையத்திலிருந்து நான் மட்டும்தான் வந்து போவேன். என் வீட்டுக்காரருக்கு விமானம் என்றாலே வயிற்றைக் கலக்கும், மாட்டைச் சாக்குச் சொல்லி ஊரிலேயே இருந்துகொள்வார். டப்ளினில் காலையில் எழுந்ததும் பார்க்கைச் சுற்றி நடப்பேன். பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஓடுகிற வெள்ளைக்காரர்களே சில நாள் எனக்குப் பின்னால்தான் வருவார்கள். சேலைக்குக் கீழே மருமகன் வாங்கிக் கொடுத்த ஸ்போர்ட்ஸ் ஷூ.

"என்ன வேலைதான் அம்மிணி பாக்கறே நீ? நாள் பூரா அந்தக் கம்ப்யூட்டர் டப்பாவப் பாத்துட்டே உக்காந்திருக்கறே?" என்று ஒருநாள் மகளைக் கேட்டேன்.

மலிவு டிக்கெட் விற்கிற விமானக் கம்பெனிகள் பயணிகளை எப்படி நடத்துகின்றன என்று அளந்து சொல்வதுதான் அவளுடைய ஆபீஸின் வேலையாம். விமானத்தை விட்டு இறங்கியதும் பயணியின் போனுக்குக் கேள்விகள் போகும். நேரத்துக்குக் கிளம்பியதா, பணிப்பெண் முகம் கொடுத்துப் பேசினாளா, பெட்டி ஒழுங்காக வந்து சேர்ந்ததா. ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க் போட வேண்டும்.

"டிக்கெட் சீப்புன்னா தண்ணிகூட காசுக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும்மா. அதனால எக்ஸ்பெக்டேஷனே கம்மியாத்தான் இருக்கும். எதிர்பார்த்தது எவ்ளோ, கெடச்சது எவ்ளோ, நடுவுல இருக்கற கேப்பைத்தான் நாங்க மெஷர் பண்றோம்."

"உனக்கு மாப்பிள்ளை பாக்கறப்பவே இதப் பண்ணியிருக்கலாம்" என்றேன். பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்த மருமகன் சிரித்த சத்தம் கேட்டது.

நான் வந்து இறங்கிய பயணத்தை வைத்து என்னையே சோதித்துப் பார்த்தாள். எல்லாக் கேள்விக்கும் ஐந்து போட்டேன்.

"ஏம்மா, சாப்பாடு வாயில வைக்க முடியலன்னீங்க. அதுக்கும் அஞ்சா?"

"குடுத்த புள்ள என்ன பண்ணுவா, பாவம்? அவளா ஆக்குனா?"

"எல்லாரும் உங்கள மாதிரி அஞ்சு போட்டா என் வேலை போயிரும்மா" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில் அவளுக்கு ஒரு தலைவலி இருந்தது. ஒரு கம்பெனிக்கு மற்ற மார்க்கெல்லாம் பரவாயில்லை, சக்கர நாற்காலி மார்க் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. "லேட்டு, லேட்டுன்னே எல்லாரும் எழுதறாங்கம்மா. ஆள் சேத்தாச்சு, வண்டி சேத்தாச்சு, அப்படியும் பத்தல. ஏன்னே புரியல." ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

நம் ஊர் அம்மாக்களுக்கு அந்த நாற்காலி புதிதல்ல. முதல் தடவை நான் அது இல்லாமல்தான் வந்தேன். நடுவில் மாறுகிற விமான நிலையத்தில் வழி தெரியாமல், போனில் சிக்னல் எடுக்காமல், ஒரு வாசனைத் தைலக் கடை முன்னால் நின்று அழுதேன். யாரோ ஒரு மலையாளத்துப் பையன் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டான். அதிலிருந்து டிக்கெட் போடும்போதே மகள் சக்கர நாற்காலியும் போட்டுவிடுவாள். கேட்டால் எல்லார் வீட்டிலும் அதுதான் வழக்கமாம். நாற்காலி போட்டால் தள்ளுகிறவர் கூடவே வந்து, இமிக்ரேஷனில் பேசி, அடுத்த விமானத்தின் வாசலில் விட்டுவிடுவார். இங்கிலீஷ் வராத வாய்க்குத்தான் அந்த வண்டி, காலுக்கல்ல. சேலை கட்டின அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்து வருவோம். வெளியே பேரப்பிள்ளையைக் கண்டதும் பாதிப் பேர் குதித்து ஓடுவார்கள். நானும் ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது சிரிப்பாகத்தான் இருந்தது.

இந்தத் தடவை போக வேண்டியிருந்தது டெக்ஸாஸுக்கு. டல்லாஸில் இருக்கிற என் மகனின் மனைவிக்கு வளைகாப்பு. அவளுக்கு முன்பு ஒன்று தங்கவில்லை. அந்தக் கதையை யாரும் வாய்விட்டுப் பேசமாட்டோம், ஆனால் எல்லார் நெஞ்சிலும் இருந்தது. கண்ணாடி வளையல்களை நான் ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்தேன். பச்சையும் சிவப்புமாக, ஒவ்வொரு டஜனையும் துணியில் சுற்றி, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவள் நான். அதில் ஒன்று உடைந்தாலும் மருமகள் ஒன்றும் சொல்லமாட்டாள். உள்ளுக்குள் பயந்துபோவாள்.

மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகளும் மட்டும் கிளம்பினோம், அவள் அளக்கிற அதே மலிவு விமானத்தில். அதில் கடைசியாக ஏறுகிறவர்களுக்குத் தலைக்கு மேலே சாமான் வைக்க இடம் இருக்காதாம், பெட்டியைப் பிடுங்கிக் கீழே போட்டுவிடுவார்களாம்.

"அதான் உங்களுக்கு வீல்சேர் போட்டிருக்கேன்மா. வீல்சேர்னா முதல்ல உள்ள விட்டுருவாங்க."

"நீதான் கூட வர்றியே அம்மிணி, எனக்கெதுக்கு வண்டி? என்ற காலு நல்லாத்தான இருக்குது?"

"உங்க காலுக்கில்லம்மா, வளையலுக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அப்போதே ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். வளையல் என்றதும் வாயை மூடிக்கொண்டேன்.

லாங் வீக்எண்ட் என்பதால் விமான நிலையத்தில் தேர்க்கூட்டம். சக்கர நாற்காலிக்காரர்கள் காத்திருக்க ஓரமாக ஒரு பெஞ்சு இருந்தது. மகள் கவுன்ட்டரில் பெயரைச் சொல்லிவிட்டு வந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வெள்ளைக்கார அம்மா, ஊன்றுகோலும் ஒரு டாக்ஸிக்காரரின் கையுமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வயதுதான் இருக்கும். கால்கள் வீங்கி, செருப்பின் பட்டை மூடவே இல்லை. உட்கார்ந்ததும் கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். எந்தக் கால் என்று அவளைக் கேட்க வேண்டியதே இல்லை.

அவள் மடியில் ஹேங்கரோடு ஒரு நீலக் கவுன், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் கவர் போட்டு. என் மடியில் வளையல் பெட்டி. அவள் பெட்டியைப் பார்த்துக் கண்ணை அகல விரித்தாள். நான் மூடியைத் திறந்து காட்டினேன். அவள் கவரைத் தூக்கிக் கவுனின் ஜரிகைக் கழுத்தைக் காட்டினாள். இதற்கெல்லாம் இங்கிலீஷ் வேண்டாம். பிறகு மகளிடம் பேச ஆரம்பித்தாள், மகள் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இவங்க பேத்தி டல்லாஸ்ல காலேஜ் முடிக்கிறாளாம்மா. இன்னைக்கு சாயங்காலம் கிராஜுவேஷன். அம்மா இல்லாத பொண்ணாம், இவங்கதான் வளத்தாங்களாம். இந்த டிரெஸ் அந்தப் பொண்ணு வாங்கி அனுப்பினதாம். இதப் போட்டுட்டு முன்வரிசைல உக்காரணும்னு ஆர்டராம்."

டிக்கெட்டைப் பார்த்தால் அவளும் எங்கள் விமானம்தான். அதுவும் எங்கள் வரிசையிலேயே ஜன்னலோரம். "அட, நம்ம பக்கத்து சீட்டுதாம்மா" என்று மகள் சொன்னதும் எனக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. பையிலிருந்து முறுக்கு ஒன்று எடுத்துக் கொடுத்தேன். கடித்துப் பார்த்துவிட்டு இரண்டு கட்டைவிரலையும் தூக்கினாள்.

அப்போது நாற்காலி தள்ளுகிற பெண் ஒருத்தி வந்தாள். நடுத்தர வயது, நெற்றியெல்லாம் வேர்வை. ஒரே ஒரு நாற்காலியோடு வந்து என் பெயரை எப்படியோ கடித்துத் துப்பிக் கூப்பிட்டாள். எங்கள் பெயர் முதலில் பதிவானது. நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் கையை ஆட்டி, போ போ, விமானத்தில் பார்க்கலாம் என்கிற மாதிரி சிரித்தாள்.

பெஞ்சிலிருந்து நாற்காலிக்கு நாலு எட்டு நடந்தால் போதும். அந்த இடத்தை நான் நொண்டிக்கொண்டே கடந்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்தது. எந்தக் கால் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் நானும் ஒரு நொடி யோசித்திருப்பேன்.

பரிசோதனை வரிசையில் எல்லாரும் விலகி வழி விட்டார்கள். ஒருவர் என் பையைத் தூக்கித் தட்டில் வைத்தார். ஒரு சின்னப் பெண் தன் அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு என்னைப் பாவமாகப் பார்த்தது. நான் யார் முகத்தையும் பார்க்காமல் வளையல் பெட்டியையே பார்த்துக்கொண்டு போனேன். மானம் போகிறது என்று ஊரில் பேச்சுக்குச் சொல்வோமே, அன்று அது நிஜமாகவே போனது.

விமானத்தின் வாசல் வெகு தூரத்தில் இருந்தது. அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அந்தப் பெண் இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியில் பேசினாள். பிறகு குனிந்து மகளிடம் ஏதோ கேட்டாள். காலி சீட்டுகளைக் கையால் காட்டினாள். சேர், லேடி, வெயிட்டிங் என்கிற சொற்கள் என் காதில் விழுந்தன. எனக்கு அவ்வளவு இங்கிலீஷ் போதும்.

மகளின் கை என் தோளில் வந்து அழுத்தியது. "நோ, நோ. ஹர் நீஸ்… ஷி காண்ட்" என்று என் முழங்காலைக் காட்டிச் சொன்னாள்.

"என்னவாம் அம்மிணி?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டி திருப்பி வேணுமாம். நீங்க எழுந்து சீட்டுல உக்காந்துட்டா அப்புறம் முதல்ல விடமாட்டாங்க."

"அந்தம்மாளுக்கா கேக்கறா?"

"இன்னொண்ணு வரும்மா. எப்பவும் வந்துரும். சும்மா உக்காருங்க, ப்ளீஸ்."

தள்ளுகிற பெண் என் கால்களைப் பார்த்தாள். நான் ஸ்போர்ட்ஸ் ஷூவைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன். எழுந்திருக்க எனக்கு யார் உதவியும் வேண்டாம், எனக்கு நானே ஒரு அட்டென்ஷன் சொல்லிக்கொண்டால் போதும். ஆனால் எழுந்தால் என் மகள் நாலு பேர் நடுவில் பொய்க்காரி ஆகிவிடுவாள். மடியில் மருமகளின் வளையல். இரண்டையும் நினைத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் வெறும் கையோடு திரும்பி, கிட்டத்தட்ட ஓட்டமாகப் போனாள்.

எங்களைத்தான் முதலில் உள்ளே விட்டார்கள். பணிப்பெண் வளையல் பெட்டியைக் குழந்தையை வாங்குகிற மாதிரி வாங்கி, மகளின் ஸ்வெட்டரை அண்டக் கொடுத்து மேலே வைத்தாள். நான் நடு சீட்டு. ஜன்னலோரம் காலி.

ஆட்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளைத் தலைக்கும் நான் எட்டிப் பார்த்தேன். கடைசியாக வந்தவர்களிடம் நிஜமாகவே பெட்டியைப் பிடுங்கினார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள். மகள் போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"கதவச் சாத்தறாங்க. சொல்லு அவங்ககிட்ட."

"என்னம்மா சொல்ல?"

"அந்தம்மா அங்க பெஞ்சுல உக்காந்திருக்கறாங்கன்னு சொல்லு! நடக்க முடியாம உக்காந்திருக்கறாங்கன்னு சொல்லு!"

மகள் பணிப்பெண்ணைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் வாசல் வரைக்கும் போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, அந்தப் பயணி ஏறுகிற வாசலுக்கு வரவே இல்லை, இனிமேல் நிறுத்த முடியாது, சாரி என்றாள். நான் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். நேராக, நன்றாக, இரண்டு காலிலும் நின்றேன். முன்வரிசை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். உட்காருங்கள் மேம் என்று பணிப்பெண் இரண்டு கையாலும் காட்டினாள். விமானம் அசைய ஆரம்பித்துவிட்டது. உட்கார்ந்தேன்.

டல்லாஸ் வரைக்கும் அந்த ஜன்னல் சீட்டுக்கு யாரும் மாறி வரவில்லை. வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. நீலக் கவுனை எங்கே மாட்டியிருப்பாள் என்று நினைத்தேன். மடித்து வைத்தால் கசங்கிப் போயிருக்கும்.

"அடுத்த ஃப்ளைட்ல ஏத்திருவாங்கம்மா" என்றாள் மகள்.

"சாயங்காலத்துக்குள்ள போயிருவாங்களா?"

அவள் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாமல், "லேட்டு, லேட்டுன்னு எழுதறாங்களேம்மா…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"இப்பத் தெரிஞ்சுதா?" என்று சுள்ளென்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் என்னவோ தனியாகச் செய்துவிட்ட மாதிரியும் எனக்கு அதில் பங்கே இல்லாத மாதிரியும் அல்லவா ஆகிவிட்டது? அவள் கண் கலங்கிவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டல்லாஸில் விமானக் கதவைத் தாண்டியதும் இரண்டு நாற்காலிகள் நின்றன. ஒன்றில் என் பெயர் எழுதின அட்டை. இன்னொன்றில் வேறு பெயர். அந்த இரண்டாவது நாற்காலிக்காரன் என் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான், இன்னும் ஒருத்தர் வரவேண்டுமே என்று. நான் இரண்டையும் தாண்டி நடந்தேன். "மேம், மேம்" என்று கூப்பிட்டார்கள். மகள் ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தாள். குயிக் மார்ச் என்று பிள்ளைகளை விரட்டுவேனே, அந்த நடை நடந்தேன். யாருக்குக் காட்டுவதற்கு நடந்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது.

வெளியே என் மகன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது.

"ஏம்மா நடந்து வர்றீங்க? வீல்சேர் வரலையா? என்ன சர்வீஸ் இது! அக்கா, நீ இத விடாத. நல்லா நறுக்குன்னு எழுதி வை."

நாங்கள் இரண்டு பேரும் காரில் ஏறினோம்.

ஃப்ரீவேயில் போகும்போது மகளின் போனுக்கு அந்தக் கேள்விகள் வந்தன, என் பெயரைப் போட்டு. அவளே எழுதின கேள்விகள். ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தாள். நாற்காலி நேரத்துக்கு வந்ததா? ஐந்து. உதவியவர் மரியாதையாக நடந்துகொண்டாரா? ஐந்து. உங்கள் தேவையைப் புரிந்துகொண்டாரா? அதற்கு மட்டும் வாய் வரவில்லை. இல்லாத தேவையை அந்தப் பெண் எப்படிப் புரிந்துகொள்வாள்? ஆனாலும் குறைத்துப் போட்டால் அவள் தலையில்தான் விழும். "அஞ்சு போடு, அவ என்ன தப்புப் பண்ணா?" என்றேன். கடைசியில், வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று ஒரு காலிக் கட்டம்.

"அந்தம்மா போய்ச் சேந்தாங்களான்னு கேளு."

அவள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாள். பிறகு அப்படியே டைப் செய்து அனுப்பினாள். "எந்தம்மா?" என்று மகன் கண்ணாடியில் பார்த்துக் கேட்டான். அப்புறம் சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை.

மறுநாள் வளைகாப்பு. ஒரு வளையல்கூட உடையவில்லை. மருமகள் இரண்டு கையையும் நீட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சையும் சிவப்புமாக ஏற ஏற அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. அவள் அம்மா ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷம் எனக்கும் இருந்தது, இல்லை என்று எப்படிச் சொல்வேன்? முழங்கை வரைக்கும் வளையலைப் பார்த்துச் சிரித்தேன். சிரிக்கும்போதே அந்த நீலக் கவுன் ஞாபகம் வந்தது.

"ஊர்லேர்ந்து கண்ணாடி வளையல், ஒண்ணுகூட உடையாம எப்படி ஆன்ட்டி கொண்டுவந்தீங்க?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் பெருமையாகச் சொன்னான், அம்மாவுக்கு வீல்சேர் போட்டிருந்தது, முதல் ஆளாக உள்ளே விட்டுவிட்டார்கள் என்று. "நல்ல ஐடியா! நாங்களும் எங்க அத்தைக்கு அப்படித்தான் போடறோம்" என்றாள் இன்னொருத்தி. நாலைந்து பேர் தலையாட்டினார்கள். மகள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள்.

டப்ளினுக்கு நாங்கள் வரிசையில் நின்று, கடைசியாக ஏறித் திரும்பி வந்தோம். பெட்டியைப் பிடுங்கிக் கீழே போட்டார்கள். உடைய அதில் ஒன்றும் இல்லை.

அந்த வாரமே ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்போடு இருந்த மகள் என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, உங்க கேள்வி வந்திருக்கு."

பயணிகள் எழுதுவதையெல்லாம் மெஷினே படித்துப் பிரித்துப் போடுமாம். தாமதம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம். என் கேள்வி எதிலும் சேராமல் 'மற்றவை' என்கிற இடத்தில் கிடந்தது.

"பதில் வருமா அம்மிணி?"

"இது பதில் வர்ற எடம் இல்லம்மா. நாங்க கேக்க மட்டும்தான் செய்வோம்." பிறகு, "நானும் கம்பெனில கேட்டுப் பாத்தேன். பாசஞ்சர் டீடெய்ல் தரமாட்டாங்களாம்" என்றாள்.

"சரி, அந்தம்மாவாவது திட்டி எழுதியிருப்பாங்களே? அவங்க எத்தனை மார்க் போட்டிருக்காங்க?"

"அவங்களுக்குக் கேள்வியே போயிருக்காதும்மா. ஃப்ளைட்ல வந்தவங்களுக்குத்தான் போகும்."

நான் அவளையே பார்த்தேன். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், அந்த விமானத்தில் நாற்காலி பற்றிப் பதில் எழுதியவர் ஒரே ஒருவர்தானாம். வீல்சேர் சேவைக்கு மார்க் ஐந்துக்கு ஐந்து. இறங்கிக்கொண்டே வந்த கணக்கு அன்றைக்குக் கொஞ்சம் ஏறியிருந்ததாம்.

சமையல்கட்டில் குக்கர் விசில் அடித்தது. போய் அடுப்பை அணைத்தேன்.

நான் ஊர் திரும்ப வேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று சாயங்காலம் மகள் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட உட்கார்ந்தாள். பெயர், பாஸ்போர்ட் எல்லாம் போட்டுவிட்டு ஒரு இடத்தில் கையை நிறுத்தினாள். நான் எட்டிப் பார்த்தேன். சக்கர நாற்காலிப் படம் போட்ட சின்னக் கட்டம்.

"கூட வர ஆள் மட்டும் போதும்னு கேக்க இதுல எடமே இல்லம்மா. வீல்சேர்தான் இருக்கு. வேண்டாம்னா விட்டுரட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்தப் பெரிய விமான நிலையம், வாசனைத் தைலக் கடை, எடுக்காத போன், எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்குப் படிக்கத் தெரியாத பலகைகள், எல்லாம் கண்முன் வந்தன. கூடவே பெஞ்சில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டிய அந்த அம்மாவும் வந்தாள்.

"போடு" என்றேன்.

அவள் அந்தக் கட்டத்தைத் தொட்டாள். எந்தக் கால் என்று அது கேட்கவில்லை.